கண்ணு தெரியாதவருக்குக் காஸ்ட்லி கடை எதுக்கு?

1/ "டாக்டர், அரசாங்க வெப்சைட்டே ஸ்கிரீன் ரீடர்ல ஒழுங்கா வேலை செய்யறதில்ல. இதுல லட்ச ரூபாய் புடவை விக்கிற கம்பெனி வெப்சைட் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த மாதிரி இருக்கணுமா? அது பணக்காரங்க பிரச்னை இல்லையா?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா இல்ல. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ நான் வேலை பார்ப்பது பழவேற்காடு ஏரிப் பக்கம். தோணிரேவு மாதிரி மீனவ ஊர்க்காரங்கதான் நம்ம ஓபி.

லக்ஷுரிக்கும் இந்தக் கரைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. 1613இல் இங்கே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியதற்கு முக்கியக் காரணமே துணி வியாபாரம். நம்ம கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பாவில் 'புலிகாட்'னே பெயர் இருந்தது.

3/ துணியை எப்படி வாங்குவோம்? தொட்டுப் பார்த்து. பார்வையில்லாதவர் கடைக்குப் போனால் விரலே நெசவைச் சொல்லிடும். மீதியைச் சேல்ஸ்மேன் சொல்வார்: "மாம்பழக் கலர் உடம்பு, அரக்கு பார்டர், முந்தியில மயில்."

4/ அதே புடவை வெப்சைட்டுக்கு வந்ததும் தொடுற வழி போச்சு. இருப்பது போட்டோ மட்டும்.

போனில் ஸ்கிரீன் ரீடர் எழுத்தைத்தான் வாசிக்கும். போட்டோவுக்குப் பின்னால் 'ஆல்ட் டெக்ஸ்ட்'னு ஒரு விவரிப்பு எழுதி வைக்கணும். அதுதான் அந்தச் சேல்ஸ்மேனோட குரல். எழுதலைன்னா காதில் விழுவது: "இமேஜ்... இமேஜ்... பட்டன்."

5/ என்கிட்ட வர்ற ஒரு பெரியவர், இறால் வியாபாரம் பார்த்தவர். சர்க்கரையால ரெண்டு கண்ணிலும் பார்வை போயிருச்சு. வீட்டம்மாவுக்குத் தெரியாம ஒரு ஜோடி தோடு எடுக்கணும்னு ஆசை. ஒரு பெரிய நகை பிராண்டோட ஆப். பேர் வேண்டாம். ரெண்டு நாள் தடவிப் பார்த்திருக்கார், பணம் கட்டுற இடம் வரை போகவே முடியல.

"கடைசில அவ கையாலயே ஆர்டர் போட வேண்டியதாப் போச்சு சார்" என்றார், சிரிச்சுக்கிட்டே.

பணம் அவர்கிட்ட இருந்தது. கடைக்குத்தான் வாசல் இல்ல.

6/ இது முழுசா பார்வை இழந்தவங்க விஷயம் மட்டுமல்ல. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். இவர்களில் பலருக்கு விழித்திரை பாதிப்பு வரும். அவங்க முன்னாடி வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தை வெச்சு "எலகண்ட் டிசைன்"னு சொல்றோம்.

பார்க்கின்சன் இருந்தா கை நடுங்கும், குட்டி பட்டனைத் தொட முடியாது. காது கேட்காதவருக்குச் சப்டைட்டில் இல்லாத விளம்பர வீடியோ வெறும் படம்.

7/ சட்டம் என்ன சொல்லுது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 46: சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளைப் பின்பற்றணும். ரேஷன் கடைக்கு ஒண்ணு, வைரக் கடைக்கு ஒண்ணுன்னு பிரிக்கல.

2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவரிடம் கேஒய்சிக்காக "கண்ணைச் சிமிட்டு"ன்னு ஆப் கேட்டா என்ன செய்வார்? டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது தீர்ப்பு.

8/ ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் கடைகளுக்கு இது கட்டாயம். மிகச் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த ஊர் வாடிக்கையாளருக்கு வெப்சைட்டைச் சரி செய்ற கம்பெனி, நம்ம ஊர்க்காரருக்கும் செய்யலாமே?

9/ "முதல்ல ரேஷன், அப்புறம் பட்டு" என்பவர்களுக்கு: இது க்யூ இல்ல. ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அதிலும் ஒரு போட்டோ ஷூட்டுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்ற கம்பெனிக்கு, அந்த போட்டோவுக்குக் கீழே ரெண்டு வரி எழுதக் காசில்லைன்னு சொல்ல வாயே இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளி தேவைன்னு கேட்டா இரக்கப்படுறோம். ஆசைன்னு கேட்டா "உனக்கு எதுக்கு?"ன்னு கேட்கிறோம். ஊனச் சான்றிதழில் 40 சதவீதம், 75 சதவீதம்னு எழுதித் தர்றோம். அது பாதிப்போட அளவு. ஆசையோட அளவு இல்ல.

10/ இதைப் படிக்கிற டெவலப்பர், டிசைனர், கடை முதலாளி யாரா இருந்தாலும் ஒரு டெஸ்ட். இன்னைக்கு ராத்திரி போனில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை ஆன் பண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு உங்க கடையில ஒரே ஒரு பொருளை வாங்கிப் பாருங்க.

எந்த இடத்தில் மாட்டிக்கிறீங்களோ, நாளைக்கு அங்கிருந்து வேலையை ஆரம்பிங்க.