ஒரு வேர், பல சொற்கள்

ஒரு மொழியின் வளத்தை அதன் அகராதியின் பருமனைக் கொண்டு அளப்போர் பலர். ஆனால், ஒரு வேர்ச்சொல்லிலிருந்து எத்தனை சொற்களை ஆக்க முடிகிறது என்பதே சிறந்த அளவுகோல் என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி இதற்கு நல்ல சான்றாகும்.

கோசா, அந்நாட்டின் 12 அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியும் அதுவே. அம்மொழியில் 'ஃபுண்ட்' என்பது கற்றலைக் குறிக்கும் வினைவேர். அதன் முன் 'உகு'வும் பின் 'ஆ'வும் சேர்ந்தால் 'உகுஃபுண்டா' ஆகும். அதற்குக் 'கற்றல்' என்று பொருள். வேரை அடுத்து 'இஸ்' என்னும் ஒட்டு வந்தால், 'உகுஃபுண்டிஸா', அதாவது 'கற்பித்தல்'. மேலும் 'அன்' சேர்ந்தால், 'உகுஃபுண்டிஸனா'. இது 'ஒருவருக்கொருவர் கற்பித்தல்' எனப் பொருள்படும்.

முன்னொட்டையும் இறுதி உயிரையும் மாற்றினால் பெயர்ச்சொற்கள் பிறக்கின்றன. 'உம்ஃபுண்டி' என்றால் மாணவர். 'இஸிஃபுண்டோ' என்றால் பாடம். 'இம்ஃபுண்டோ' என்றால் கல்வி. தமிழிலும் 'கல்' என்னும் வேரிலிருந்து கற்றல், கற்பித்தல், கல்வி ஆகிய சொற்கள் பிறக்கின்றன அல்லவா? தமிழ்ச்சொல் பெரும்பாலும் பின்பக்கம் வளர்கிறது. கோசாச் சொல் இருபக்கமும் வளர்கிறது.

இவ்வொட்டுகள் மற்ற வேர்களோடும் சேரும். 'உகுதண்டா' என்றால் நேசித்தல். 'உகுதண்டனா' என்றால் ஒருவரையொருவர் நேசித்தல். ஆகவே, வேரையும் ஒட்டையும் அறிந்தவர் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை.

இருப்பினும், விதி மட்டுமே போதாது. 'உம்ஃபுண்டிஸி' என்னும் சொல்லுக்குக் 'கற்பிப்பவர்' என்பதே நேர்ப்பொருள். வழக்கிலோ அது பெரும்பாலும் கிறிஸ்துவச் சமயப் போதகரைக் குறிக்கிறது. பள்ளி ஆசிரியரை ஆங்கிலத்திலிருந்து வந்த 'உடிட்சாலா' என்னும் சொல்லால் அழைக்கின்றனர். வேர் சொல்லைத் தருகிறது; அதன் பொருளை மக்களின் பயன்பாடே உறுதிசெய்கிறது.

இங்குதான் கவலைக்குரிய ஒன்று உள்ளது. கோசாவைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் பலர், முதல் மூன்று ஆண்டுகள் அம்மொழியில் பயின்றுவிட்டு, நான்காம் ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாறி வந்துள்ளனர். இத்தகைய மொழிகளில் அறிவியலுக்கேற்ற சொற்கள் இல்லை என்று சிலர் காரணம் கூறுவர். இதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆழத்தையும் அறிவையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து, அறிவியலுக்கு 'இன்ஸுலுல்வாஸி' என்னும் சொல்லைக் கோசா மொழியினர் ஆக்கியுள்ளனர். சொல்லாக்கும் ஆற்றல் அம்மொழிக்கு உண்டு. ஆக்கிய சொற்கள் வகுப்பறையில் ஒலிக்காவிட்டால், அவை அகராதிக்குள்ளேயே உறங்கிவிடும்.

எனவே, மாணவர்கள் ஒரு புதிய சொல்லைக் கற்கும்போது அதன் வேரையும் தேடிக் கற்க வேண்டும். அத்துடன், தம் மொழியில் உருவாகும் புதிய சொற்களைப் பேச்சிலும் எழுத்திலும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். வேர் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், நீர் ஊற்றுவோர் இருந்தால்தான் மரம் தழைக்கும்.