ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குள் ஒரு விருந்தாளி

பாபநாசத்திலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ முதல் பேருந்தில் வருகிறவரிடம், எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "ஆஸ்பத்திரிக்கு" என்பார். பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவமனை என்றால், "ஹைகிரவுண்டுக்கு" என்ற ஒரு சொல்லே போதும். மருத்துவமனை என்ற நல்ல தமிழ்ச்சொல் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மக்கள் நாவில் இருப்பது ஆஸ்பத்திரிதான். ஐரோப்பியர் வழியே வந்த அந்தச் சொல் நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது என்று கருதுகிறோம்.

அதன் வேர் லத்தீன் மொழியின் 'ஹோஸ்பெஸ்'. விருந்தினர் என்றும், விருந்தினரை வரவேற்பவர் என்றும் அதற்கு இரு பொருளும் உண்டு. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் அதன் வழிவந்த சொற்கள் இன்றும் இருவரையும் குறிக்கின்றன. ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இடைக்கால ஐரோப்பாவில் யாத்திரிகர், ஏழைகள், நோயாளிகள் எல்லோரும் தங்கிய இல்லமே ஹாஸ்பிடல். நம் சாலையோரச் சத்திரங்களை நினைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியரோ 'கிராங்கன்ஹவுஸ்', அதாவது நோயாளர் வீடு என்று பெயரிட்டனர். ரஷ்ய மொழியில் மருத்துவமனையின் பெயர் வலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உறவும் உண்டு. 'ஹோஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல் முதலில் அயலாரைக் குறித்தது. பின்னர் பகைவர் என்ற பொருளில் நிலைத்தது. ஒரே வேரிலிருந்து விருந்தினரும் பகைவரும் கிளைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கும் அயலார் எவராக மாறுகிறார் என்பது பெரும்பாலும் வரவேற்பவரின் கையில் இருக்கிறது.

தமிழும் இதற்கு அயலானதன்று. விருந்து என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை. புதிதாக வருபவரே விருந்தினர். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழர் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலோடு இணைந்த ஓர் ஆதுலர் சாலையைப் பதிவு செய்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளரைப் பேணும் பெண்கள் என அங்கு இருந்தவர்களையும் அவர்களுக்குரிய ஊதியத்தையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நோயாளரைப் பேணுவது ஊரார் பொறுப்பு என்று எண்ணிய காலம் அது.

இன்று எப்படி இருக்கிறது? புறநோயாளர் பிரிவுக்கு முதன்முறை வரும் முதியவருக்கு எந்த வரிசையில் நிற்பது என்று தெரிவதில்லை. சீட்டு எங்கே, பரிசோதனைக்கூடம் எங்கே என்று கேட்கவும் தயங்குகிறார். உள்ளே சேர்ந்தபின் அவர் பெயர் மறைந்து, படுக்கை எண்ணே பெயராகிறது. அவசரமும் கூட்டமும் இதற்குக் காரணங்கள் என்பதை நாங்கள் அறிவோம்; காரணம் இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கவும், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வாக்கியமாவது சொல்லவும் கூடுதல் பணமோ கருவியோ வேண்டியதில்லை. இது எங்கள் கடமை. தவறினால் நீங்கள் நினைவூட்டலாம்.

உடனிருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காமவர் அங்கே துணைக்கு வந்த வெளியாள் அல்லர். மருத்துவத்தின் கால் பங்கு அவர். ஆனால் தாழ்வாரத்தில் பாய் விரித்து, நேரத்துக்கு உண்ணாமல், உறக்கமின்றி இருப்பவரும் அவர்தான். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. சில நோய்கள் மூன்று நாளில் முடிவதில்லை. மூன்று மாதம் ஆனாலும் மருந்து தொடர வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் சலிப்பும் கோபமும் எழுவது இயல்பு. அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். உறவினரிடம் முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். உங்கள் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் மறக்காதீர்கள். புரியாததை மருத்துவரிடம் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

மருத்துவமனை விருந்து வீடாகிவிட முடியாது. ஊசி வலிக்கும், பார்வை நேரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும், விரும்பிய உணவைச் சிலநாள் விலக்க நேரும். அவற்றைக் குறைக்க எங்களால் எப்போதும் இயலாது. வந்தவரை அயலாராக நிற்க விடாமல் இருக்க மட்டும் எப்போதும் இயலும். வரவேற்பவருக்கும் வருபவருக்கும் லத்தீன் மொழி ஒரே சொல்லைத் தந்ததில் ஓர் உண்மை இருக்கிறது: இன்று படுக்கையருகே அமர்ந்திருப்பவர் நாளை படுக்கையில் இருக்கக்கூடும். வெள்ளை அங்கி அணிந்த எங்களுக்கும் அது பொருந்தும்.