குரல் நல்லாயில்லை என்று எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியார் என்றால் அப்படித்தான். பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி டோரேமான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இல்லாத நீலப் பூனை, வயிற்றில் ஒரு பை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். "தாத்தா, இது தமிழ்ல பேசுது. ஜப்பான்ல யார் பேசுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்த பிறகு இரண்டு நாள் மனசு சரியில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கே அந்தப் பூனைக்கு 26 ஆண்டுகள் குரல் கொடுத்தவர் நோபுயோ ஓயாமா என்ற நடிகை. 1933-இல் டோக்கியோவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். நடுநிலைப் பள்ளியில் அவர் வாயைத் திறந்ததும் உடன் படித்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதனால் பள்ளியில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவருடைய அம்மா இதைக் கவனித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். பலவீனமான இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்தால் அது இன்னும் பலவீனமாகும், நாளையிலிருந்து முடிந்தவரை அதிகமாகப் பேசு, குரலுக்கு வேலை கொடுக்கிற மன்றம் ஏதாவது பள்ளியில் இருந்தால் அதில் சேர் என்பதுதான் அந்த யோசனை. மகள் பள்ளியின் ஒலிபரப்பு மன்றத்தில் சேர்ந்தார்.

பிறகு முறையாக நாடகம் பயின்றார். 1956-இல் தொலைக்காட்சி நாடகத்தில் முகம் காட்டினார். மறு ஆண்டு, லாஸ்ஸி என்ற நாயைப் பற்றிய அமெரிக்கத் தொடருக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தார். 1960-இல் தொடங்கிய மூன்று பன்றிக்குட்டிகள் பொம்மலாட்டத்தில் ஒரு பன்றிக்கு இவர் குரல். இன்னொரு பன்றிக்குப் பேசியவர் யார் தெரியுமா? டெட்சுகோ குரோயநாகி. ஆமாம், நான் உங்களில் பலருக்குப் பரிசாகக் கொடுத்த 'டோட்டோ சான்' புத்தகத்தை எழுதிய அதே அம்மையார்தான்!

1979 ஏப்ரலில் டோரேமான் வந்தபோது ஓயாமாவுக்கு வயது 45. அதற்கு முன் 1973-இல் வந்த டோரேமான் தொடர் ஆறு மாதத்தில் நின்றுபோயிருந்தது. இந்த முறை நிலைத்தது. ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த இயந்திரப் பூனை மரியாதை இல்லாமல் பேசாது என்று யோசித்து, அந்தப் பணிவான பேச்சை அமைத்தவர் ஓயாமா. படக்கதையை வரைந்தவரே இவருடைய குரலைக் கேட்ட பிறகு, டோரேமானுக்கு இப்படிப்பட்ட குரலா என்று வியந்து ஏற்றுக்கொண்டாராம். பள்ளியில் சிரிப்பை வரவழைத்த அதே குரல்தான் அது.

2005-இல் முக்கியப் பாத்திரங்களுக்குப் பேசிய ஐவரும் ஒன்றாக விலகி இளையவர்களுக்கு வழிவிட்டார்கள். அதன் பிறகு 2010-இல் ஒரு வீடியோ விளையாட்டில் கொடுமைக்காரக் கரடி ஒன்றுக்குப் பேசினார். அந்தக் கரடி தன்னைப் பள்ளித் தலைமையாசிரியர் என்று சொல்லிக்கொள்ளும்! 77 வயதில் அந்த வில்லத்தனத்தையும் ரசித்துச் செய்திருக்கிறார். அவருக்கு மறதி நோய் வந்திருப்பதை 2015-இல் அவர் கணவர் வானொலியில் சொன்னார். 2024 செப்டம்பர் 29 அன்று, 90 வயதில் ஓயாமா காலமானார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயர் சொல்லமாட்டேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கட்டுரை எழுதினால் திருத்த ஒன்றும் இருக்காது. குரல் மட்டும் கட்டைக் குரல். ஒரு நாள் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்க எழுந்தாள். முதல் அடியிலேயே பின் வரிசையில் சிரிப்பு. நான் என்ன செய்தேன்? சிரித்தவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, "நீ உட்காரும்மா, வேற யாராவது சொல்லுங்க" என்றேன். அந்த வருடம் முழுக்க அவளை வாசிக்க எழுப்பவே இல்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்ன கேட்டாலும் வாயருகே கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பதில் சொன்னாள். பாதிக் கேள்விக்கு அவள் கணவர்தான் பதில் சொன்னார். "அவ போன்லகூட அதிகம் பேசமாட்டாங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பையன்களின் சிரிப்பு ஒரு வாரத்தில் மறந்திருக்கும். வாத்தியார் உட்காரச் சொன்னது தீர்ப்பு. அந்தச் சிரிப்பு சரிதான் என்று நானே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். ஜப்பானில் அந்தத் தாய் இதே நிலைமையில் நேர்மாறாகச் செய்தார். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

"எல்லாரும் ஓயாமா ஆகிவிட முடியுமா ஐயா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். முடியாது. ஆனால் மகள் ஒரு நாள் நாடறிந்த குரலாவாள் என்று அந்தத் தாய்க்கும் தெரியாதே! மகள் ஊமையாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கவலை. புகழ் பிறகு வந்தது. வராமல் போயிருந்தாலும் அவர் சொன்னது சரிதான்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை வழிபாட்டில் குறள் சொல்லவும் செய்தி வாசிக்கவும் வருடம் முழுக்க அதே மூன்று "நல்ல குரல்" பிள்ளைகளையே நிறுத்தாதீர்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாரையும் கூப்பிடுங்கள். யாராவது சிரித்தால் சிரிப்பை நிறுத்துங்கள், வாசிக்கிற பிள்ளையை நிறுத்தாதீர்கள். அது முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

உறவுகளுக்கும் சொல்கிறேன். விசேஷ வீடுகளில் "என்னடி ஆம்பளக் குரலா இருக்கு", "டேய், தொண்டை உடைஞ்சிருச்சா" என்று கேலி செய்வதை விட்டுவிடுவோம். நமக்கு அது பொழுதுபோக்கு. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொள்ளும்.

கடைசியாக, அந்த மாணவி இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நான் செய்தது தப்பும்மா. பாதியில் நின்ற செய்யுள் எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விருப்பமிருந்தால் ஒரு நாள் எனக்குப் போன் செய்து முழுசாகச் சொல்லு. நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா