ஊசிக்கு முன் ஐந்து நிமிடம்

‘அந்தரா’ கருத்தடை ஊசி 2017இல் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இலவசம். போட்ட பிறகு திட்டுத்திட்டாக உதிரப்போக்கு வரலாம், மாதவிடாய் தள்ளிப்போகலாம், அடியோடு நின்றும் போகலாம். அது ஊசியிலுள்ள ஹார்மோனின் வேலை. கெட்ட ரத்தம் வயிற்றில் தேங்குவதில்லை. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால், அடுத்த தேதி குறித்த அட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விடும். நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊசிக்குப் பதிலாக ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

செவிலியர்களே, ஊசி போடும் முன் அந்தப் பெண்ணை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள்.