ஆனைக்கொம்பன் செய்த உதவி

நெற்பயிர் செழித்து வளர்ந்து கதிரும் ஈன்றுவிட்டது. இன்னும் சில வாரங்களில் அறுவடை. அந்த வேளையில் கதிரின் கழுத்துக் கறுத்து ஒடிந்து, மணியெல்லாம் பதராய்ப் போனால் குடியானவருடைய மனம் என்ன பாடுபடும்! கடனை அடைப்பதா, அடுத்த போகத்துக்கு விதை வாங்குவதா? குலை நோய் பயிரை மட்டுமா குலைக்கிறது? குடும்பத்தையுமல்லவா குலைத்துவிடுகிறது!

இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணிய பூஞ்சைக்காளான். காற்றில் மிதந்து வரும் அதன் வித்து, பனி ஈரம் படிந்த இலையில் ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தத்தைத் தன்னுள்ளே தேக்கி, இலையின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. சில தினங்களில் இலைகளில் கண் வடிவமான புள்ளிகள் தோன்றுகின்றன. இரவில் குளிரும் பனியும் சேர்ந்து, வயலில் யூரியாவையும் அளவுக்கு மிஞ்சிக் கொட்டியிருந்தால் நோய்க்குக் கொண்டாட்டந்தான்.

1919-ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் குலை நோய் பெருஞ்சேதம் விளைவித்தது. பிற்பாடு கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்நோயை எதிர்த்து நிற்கும் நெல்லைத் தேடினார்கள். அது வெகு தூரத்தில் இல்லை. நம் முன்னோர்கள் போற்றி வந்த ஆனைக்கொம்பனிலிருந்து பொறுக்கியெடுத்த கோ 4 ரகத்திலேயே அந்தச் சக்தி இருந்தது. நோய்க்கு எளிதில் இரையாகும் ஆடுதுறை 10 ரகத்தோடு அதை இணைத்துக் கோ 25 என்னும் நெல்லை உண்டாக்கினார்கள்.

அத்துடன் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. நெல் தற்காப்புத் தேடினால் காளானும் சும்மா இருப்பதில்லை. உரு மாறி வருகிறது. தென் கொரியாவில் 1970-களில் 'தோங்கில்' என்ற நெல்லை ஏராளமாகப் பரப்பினார்கள். விளைச்சல் பெருகியது, சில ஆண்டுகள் குலை நோயும் எட்டிப் பார்க்கவில்லை. 1978-இல், புது வடிவங்கொண்ட காளான் அந்தப் பயிரையே வாட்டியெடுத்தது.

இதற்கு மாறான பாடத்தைச் சீன தேசத்து யுன்னான் மாகாணம் கற்பித்தது. 1998, 1999 ஆகிய இரு ஆண்டுகளில் அங்குள்ள விவசாயிகள், நோய் தாங்கும் நெல்லின் வரிசைகளுக்கு நடுவே, நோய்க்கு இளைத்த பசையரிசி நெல்லை நட்டார்கள். தனியே பயிரிட்ட பசையரிசி நெல்லைவிட இதில் குலை நோய் 94 சதவிகிதம் குறைந்தது! காளானின் வித்து ஒரு வரிசையிலிருந்து கிளம்பினால் அடுத்த வரிசை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இதெல்லாம் விவசாயிகளின் விஷயம், நமக்கென்ன என்று நேயர்கள் நினைக்கலாகாது. கடைக்குப் போனதும் நாம் கேட்பது என்ன? மெல்லிய, வெண்மையான, ஒரே மாதிரி அரிசி! நம்மில் பலர் ஆந்திரா பொன்னி என்று விரும்பி வாங்கும் பி.பி.டி. 5204 குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம். நாம் கேட்பதையே வியாபாரி வாங்குகிறார். வியாபாரி வாங்குவதையே குடியானவர் விதைக்கிறார். வயலில் பலவகை நெல் தழைக்க வேண்டுமானால், வீட்டு உலையிலும் பலவகை அரிசி கொதிக்க வேண்டும். ஆனைக்கொம்பனை ஒருவரும் சீந்தாமல் முன்பே கைவிட்டிருந்தால், ஆபத்து வேளையில் நமக்குக் கைகொடுத்திருப்பது எது?