முதலை விழுங்கிய நாற்பது ரூபாய்

அவிநாசியில் ஒரு பேக்கரி. இரண்டு டீ, ஒரு தேங்காய் பன். செல்போனை நீட்டிக் கட்டம் போட்ட அட்டையைப் படம் பிடித்தேன். என் கணக்கில் 40 ரூபாய் காலி. கல்லாவில் இருந்த பேசும் பெட்டி வாயே திறக்கவில்லை.

"பணம் போயிருச்சுங்க."

"எனக்கு வரலீங்களே!"

இரண்டுமே நிஜம். அதுதான் வேடிக்கை.

இந்த மாதிரி அரைகுறைக்கு டேட்டாபேஸ்காரர்கள் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பெயர் டிரான்ஸாக்ஷன். பக்கத்துத் திருப்பூரில் பனியன் விற்கும் வெப்சைட் என்று வையுங்கள். ஸ்டாக்கில் ஒன்றைக் கழி, ஆர்டரில் ஒன்றை எழுது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். நடந்தால் இரண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. செய்வதை முதலில் 'லாக்' என்ற குறிப்பேட்டில் எழுதிவிடும். பாதியில் கரண்ட் போனால் (விசைத்தறிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!) திரும்பி வந்ததும் அதைப் புரட்டி, முடியாததை அழித்துவிடும். இது ரோல்பேக். முடிந்ததாக முத்திரை குத்துவது கமிட். இதையெல்லாம் வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜிம் கிரே. 1998-ல் ட்யூரிங் விருது வாங்கினார். 2007-ல் பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

என் 40 ரூபாய்க்கு வருகிறேன். மூட்டை கட்டுவது ஒரே டேட்டாபேஸுக்குள் சுலபம். இங்கே என் பேங்க் ஒன்று, பேக்கரிக்காரர் பேங்க் வேறு, நடுவே யூ.பி.ஐ. நடத்தும் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன். என் பேங்க் கழித்துக் கமிட் செய்த பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை என்றால் ரோல்பேக் கிடையாது. புதிதாக ஒரு வரவு எழுதித்தான் சரிக்கட்ட வேண்டும்.

அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது. யூ.பி.ஐ.யில் ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். கடைக்குக் கொடுத்தது என்றால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் பேங்க் தண்டம் அழ வேண்டும்.

அவிநாசிக்குப் பொருத்தமான சட்டம். இங்கே முதலை விழுங்கிய ஐந்து வயசுப் பையனைச் சில வருஷம் கழித்து சுந்தரர் மீட்டபோது, விழுங்கிய அன்றைய வயசோடு அவன் வரவில்லை. இடையில் போன வருஷங்களின் வளர்த்தியும் சேர்ந்து வந்தான் என்கிறது புராணம். வெறும் ரோல்பேக் இல்லை, நஷ்ட ஈட்டோடு!

அந்த 100 ரூபாயை நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. சுந்தரருக்கே ஒரு பதிகம் பாட வேண்டியிருந்தது. எதற்கும் பரிவர்த்தனை நம்பரைக் குறித்துக்கொண்டு பேங்கில் எழுத்து மூலம் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையா, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போடுங்கள் ஒரு மனு. கட்டணம் கிடையாது.