குழந்தை பாடுது... சம்பளம் யார் கணக்குல சேருது?

2015 பிப்ரவரியில் நடந்த ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காவது சீசன் இறுதிச்சுற்றைப் பலரும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்பூர்த்தி முதலிடம் பிடித்தார். இரண்டாமிடம் கனடாவிலிருந்து வந்து பாடிய ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிகாவுக்கு. பரிசு, ஒரு கிலோ தங்கம். அதைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தது அவரது குடும்பம். டிவி முன் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

அந்த வீட்டில் பரிசு போக வேண்டிய இடம் தெளிவாக இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி இருக்குமா? பாட்டோ நடிப்போ, ஒரு குழந்தை சம்பாதிக்கும் பணம் யாருடையது?

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றாலும், சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. படிப்பு கெடக் கூடாது என்பது நிபந்தனை. அதற்கான விதிகள் 2017-ல் வந்தன.

அந்த விதிகளின்படி, குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே ஃபிக்சட் டெபாசிட்டாக நேரடியாகப் போட வேண்டும். மேஜரான பிறகு அந்தப் பணம் குழந்தைக்கு. 10 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்றால், 2 ஆயிரத்தில் அப்பா அம்மாகூட கை வைக்க முடியாது.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் வேலை. அதிலும் இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஷூட்டிங் வைக்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

இது மத்திய அரசின் விதி. ஆரம்பாக்கம் போன்ற எல்லை ஊர்களில் தமிழ் சேனலும் தெலுங்கு சேனலும் ஒரே டிவியில் ஓடும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு வாய்ப்பு சென்னையில் வந்தாலும் ஹைதராபாத்தில் வந்தாலும் இதே கணக்குதான். ஒன்றை மட்டும் பெற்றோர் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி சென்ட்ரல் போய்த் திரும்பவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து மணி நேர ஷூட்டிங் முடித்து வீடு வரும் குழந்தைக்கு, அன்றைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். மறுநாள் காலையில் பள்ளிக்கூடமும் போக வேண்டும்.

அதனால் ஆடிஷனில் தேர்வானதும், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கலெக்டர் அனுமதி வாங்கியாச்சா? டெபாசிட் எந்த வங்கியில்? ஷூட்டிங்கில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? இதைக் கேட்டால் வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று பல பெற்றோர் பயப்படுவார்கள். ஆனால், முறையாக ஷூட்டிங் நடத்துகிறவர்களிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். பதில் சொல்ல மழுப்பினால், யோசிக்க வேண்டியது பெற்றோர்தான்.

நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியது குழந்தையிடம். விருப்பமும் சம்மதமும் இல்லாமல் எந்தக் குழந்தையையும் இதில் ஈடுபடுத்தக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஜட்ஜ் முன்னால் போய் நிற்பதற்கு முன்னால், வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, “உனக்கு இது பிடிச்சிருக்கா கண்ணு?” என்று கேளுங்கள். “வேணாம்மா” என்று சொன்னால், அன்றைக்கு ரயில் ஏற வேண்டாம்.